மறுபடி, வெளியிலேர்ந்து வா

ஜூன் மாதத்தில், முதல் மழை விழுந்தும் புழுக்கம் அடங்காத நாட்களில், யாராவது கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு அவள் நினைவு வரும். அந்தக் கோட்டு அவளுடையதல்ல. ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்த அவள் அப்பாவின் பழைய கோட்டு. தோள் தொங்கும்; கை விரல் நுனிவரை வந்து மூடும். அதைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு பம்பாய் மாட்டுங்காவின் பூங்கா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அவள் காலேஜ் பிரின்சிபால். கழற்றித் தோளில் போட்டுக்கொண்டால் தலையை நிமிர்த்தாமல் பேசும் குமாஸ்தா. மடியில் மடித்து வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது போலப் பாவனை செய்தால், எந்தப் பாடம் எடுக்கலாம் என்று புத்திமதி சொல்லும் புரொபசர்.

நாங்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால் 'கோட்டு' என்றோம். அவளுக்கு அது தெரியும். "கோட்டு வரது, ஓடுங்கோடி" என்று தானே சொல்லிக்கொண்டு வருவாள்.

அப்போது அவள் பி.ஏ. கடைசி வருஷம், சரித்திரம். காலேஜ் இன்டர்வியூவுக்குப் பெண்களைப் பழக்கும்படி யாரும் அவளை நியமிக்கவில்லை. மெட்ரிக் ரிசல்ட் வந்த அன்று பெண்கள் பள்ளிக்கூட வாசலில் கல்யாணத் தரகர் மாதிரி வந்து நிற்பாள். சுவரில் ஒட்டிய தாளில் தன் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு எந்தப் பெண் அசையாமல் நிற்கிறாளோ, அவளருகே போவாள். என்னிடமும் அப்படித்தான் வந்தாள்.

"பாஸா?"

"பாஸு."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்' என்ற கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மெட்ரிக் பாஸ் என்பதே தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரு முடிவு; அதற்கப்புறம் ஒன்று இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், "சனிக்கிழமை சாயங்காலம் பூங்காவுக்கு வா. மூணாவது பெஞ்ச். குடை எடுத்துண்டு வா" என்றாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ரேஷன் அரிசியும் ரேஷன் துணியுமாக ஊர் ஓடிக்கொண்டிருந்தது. காலேஜில் சேர இருந்த பெண்கள் ஐந்தாறு பேர் அந்த பெஞ்சைச் சுற்றி நின்றோம். என்னைத் தவிர எல்லோரும் மாட்டுங்கா, அல்லது பக்கத்து ஊர். அவள் பூங்காவையே காலேஜ் ஆக்கிவைத்திருந்தாள். தண்ணீர்க் குழாய்தான் விண்ணப்பம் வாங்கும் ஜன்னல். வாதாம் மரம் காத்திருக்கும் வராந்தா. கூப்பிட்டால் அங்கேயிருந்து வர வேண்டும். வணக்கம் சொல்ல வேண்டும். உட்கார் என்று சொன்ன பிறகே உட்கார வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கலாம். அவள் பிடிவாதம் வேறொன்றில் இருந்தது. கேள்வி யாரைக் கேட்கிறார்களோ, பதில் அந்த வாயிலிருந்து வர வேண்டும்.

செம்பூரிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்திருந்தாள். அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு, "உன் பேர் என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அந்தப் பெண் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெயரைச் சொன்னாள்.

"மாமி, பேர் நன்னாயிருக்கு. நீங்களா காலேஜ்ல சேரப்போறேள்?"

"அவளுக்குக் கூச்சம்டீ, கொழந்தே."

"கூச்சத்துக்கு ஒரு பேர் இருக்குமோல்லியோ, அதை அது சொல்லட்டும். நீங்க அந்தக் குழாய்ண்ட போய் நில்லுங்கோ."

மாமி சிரித்துக்கொண்டே போய் நின்றாள். பெண்ணைப் பார்த்து அக்கா, "மறுபடி. வெளியிலேர்ந்து வா" என்றாள். அந்தப் பெண் வாதாம் மரத்துக்குப் போய் மறுபடி வந்தாள். பேரைக் கேட்டதும் கழுத்து தானாகக் குழாய்ப் பக்கம் திரும்பியது. "மறுபடி." எத்தனையோ தடவைக்குப் பிறகு அந்தப் பெண் அழுகையோடு தன் பெயரைக் கத்திச் சொன்னாள். மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அக்கா எழுந்து நின்று கைதட்டினாள். "இவ்வளவு சத்தம் வேண்டாம். ஆனா இந்தச் சத்தம் உள்ளே இருக்குன்னு தெரிஞ்சுக்கோ."

என் முறை வந்தபோது நான் தயாராக இருந்தேன். கூச்சம் எனக்குக் கிடையாது. எங்கள் தெருவில் கூச்சப்பட்டால் குழாயில் தண்ணீர் பிடிக்க முடியாது. "எதற்காக சயன்ஸ் எடுக்க விரும்புகிறாய்?" என்று கேட்டாள். தேசத்துக்குத் தொண்டு செய்ய என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை இங்கிலீஷில் ஒப்பித்தேன்.

"பத்துப் பேர் இதையே சொல்லுவா. நீ ஏன் எடுக்கறே?"

காரணம் எனக்குத் தெரியும். அதை மாட்டுங்காவில் வைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"மறுபடி. வெளியிலேர்ந்து வா."

மூன்றாம் தடவை வாதாம் மரத்திலிருந்து நடந்து வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்க அய்யா தோல் பதனிடும் கொட்டகையில் வேலை செய்கிறார் என்றேன் தமிழில். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டால் மயிர் ஏன் தானாகக் கழன்று வருகிறது, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறினால் அழுகப்போகும் தோல் ஏன் அழுகாமல் நிற்கிறது என்று சின்ன வயசிலிருந்து அய்யாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு எவ்வளவு நாள் ஊற வேண்டும் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. எனக்கு ஏன் என்று தெரிய வேண்டும்.

சொல்லிவிட்டு மற்ற பெண்களின் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். ஒருத்தி லேசாகத் தள்ளி நின்றது கண்ணோரத்தில் தெரிந்தது.

அக்கா கோட்டைக் கழற்றினாள். "இதைச் சொல்லு. இதை மட்டும் சொல்லு. இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்" என்றாள்.

பிறகு பித்தளைக் கூஜாவிலிருந்து காப்பி ஊற்றினாள். ஒரே டம்ளர். எல்லோரும் குடித்துக் குழாயில் கழுவி அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். தள்ளி நின்றவளுக்கு முன்னால் எனக்குக் கொடுத்தாள். நான் குடித்துக் கழுவி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், வாங்கிக் குடித்தாள்.

ஏன் பூங்காவில் நடத்துகிறாள், வீடு இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது என்று ஒருத்தி கேட்டதற்கு, "இங்கே காத்து வரும்" என்றாள் அக்கா. மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றபோதும் காற்றுதான் காரணமாக இருந்தது. எனக்குக் காரணம் தெரியும். அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஒரே ஒரு முறை அவள் வீட்டு மாடிப்படிவரை போயிருக்கிறேன். மழையில் ஓடியபோது பெஞ்சில் மறந்துபோன கோட்டைத் திருப்பிக்கொடுக்க. அவள் இல்லை. அவள் அம்மா வாசல்படிக்கு உள்ளே நின்றுகொண்டு, கோட்டைப் படியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஆனால் நல்ல மனுஷி. பேச ஆள் கிடைத்தால் விடமாட்டாள்.

"நீயும் அவளண்டைதான் பாடம் கேக்கறியா? ஊர்ப் பொண்ணுகளையெல்லாம் பேசு பேசுங்கறாளே, இவ சேர்றச்சே வாயைத் திறந்தாளோ? கணக்குல நூத்துக்கு நூறு. சயன்ஸ்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. இவ அப்பா அழைச்சுண்டு போனார். லாப்ல சாயங்காலம் ஆறு மணிவரைக்கும் இருக்கணும், சரியான்னு அந்தப் புரொபசர் கேட்டாராம். இவர் முடியாதுன்னுட்டார். அவ்வளவுதான், சரித்திரம். இவ குனிஞ்ச தலை நிமிரலையாம். ஆத்துக்கு வந்தும் ஒரு வார்த்தை பேசலை. இப்போ பேசறா, கோட்டை மாட்டிண்டு."

மாமி அதை ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னாள். நான் படியிறங்கி வரும்போது எனக்கு வேடிக்கையாக இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதே ஆறு மணிதான் குறுக்கே நின்றது.

அய்யா படிப்புக்கு விரோதி அல்ல. நான் மெட்ரிக் பாஸான அன்று கொட்டகை முழுவதும் வெல்லம் கொடுத்தார். காலேஜுக்கும் சரி என்றுவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "ஏளா, விளக்கு வைக்கதுக்கு முன்னால வீட்டுக்குள்ள இருக்கணும். ஊரு கெட்டுக் கெடக்கு. அந்த சயன்ஸுக்கு இருட்டுற வரைக்கும் நிக்கணும்னு பெஞ்சமின் வாத்தியாரு சொல்லுதாரு. அப்படின்னா வேற என்னமும் எடுத்துப் படி." அந்த வருஷம் தெருவில் கல்வீச்சும் ஊரடங்கும் பார்த்திருந்தோம். அவர் பயம் பொய்யான பயமல்ல. அதனால்தான் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இதை அக்காவிடம் சொன்னேன். வழக்கமாக எதற்கும் உடனே பதில் வைத்திருப்பவள், பின்னல் நுனியைப் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்காத்துக்கு வழி சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாள். ஸ்டேஷனைத் தாண்டி, சாக்கடையும் மழைத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் எங்கள் சந்தில், ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்பு. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். சந்து முழுக்க வெளியே வந்து பார்த்தது. தோல் நாற்றத்துக்கு மூக்கைச் சுளிக்கிறாளா என்று நானும் பார்த்தேன். சுளித்தாள்; மறைக்கவில்லை. "முதல் பத்து நிமிஷம்தான் இருக்குமாமே, அப்படியா?" என்று என் அம்மாவைக் கேட்டாள். அம்மாவுக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கொடுத்த டீயைக் குடித்தாள்.

அய்யா நின்றுகொண்டே இருந்தார். அவள், "உட்காருங்கோ மாமா" என்றாள். மாட்டுங்காவிலிருந்து வந்த யாரும் அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ஆறு மணியைப் பற்றி அவள் பேசவே இல்லை. நான் எதிர்பார்த்தது அதைத்தான். சயன்ஸைப் பற்றியும் பேசவில்லை.

"மாமா, செவ்வாய்க்கிழமை இன்டர்வியூக்கு நீங்கதானே அழைச்சுண்டு போறேள்? ஒண்ணே ஒண்ணு. உள்ளே போனப்புறம் நீங்க பேசப்படாது."

"பேசாம இருக்கதுக்கு நான் என்னத்துக்குத் தாயி?"

"கூட நிக்கறதுக்கு. அவளுக்குத் தைரியமா இருக்கும்."

"என்னையக் கேட்டா?"

"உங்களைக் கேட்டாலும்தான். அவதானே படிக்கப்போறா, அவ சொல்லட்டும்."

அய்யா சிரித்தார். "எங்க வீட்டுல நான் எப்பப் பேசியிருக்கேன்? எல்லாம் இவ ஆத்தாதான்."

"அப்போ சுலபம். வாக்கு குடுக்கறேளா?"

அம்மா கதவருகிலிருந்து, "பாத்துத் தாயி, அந்த மனுசன் வாக்குக் குடுத்தா கழுத்தை அறுத்தாலும் மாறமாட்டாரு. பெறகு பேசச் சொன்னாலும் பேசமாட்டாரு" என்றாள்.

"அதான் வேணும் மாமி" என்றாள் அக்கா.

அய்யா கையை நீட்டினார். எங்கள் பக்கம் தோல் பேரம் முடிந்தால் ஒருவர் உள்ளங்கையில் இன்னொருவர் தட்டுவார்கள். நீட்டிய பிறகுதான் சுண்ணாம்பு தின்று தடித்துப்போன தன் கை நினைவு வந்திருக்க வேண்டும், பின்னுக்கு இழுத்தார். அவள் எட்டித் தட்டினாள். சத்தம் சந்துக்கே கேட்டது.

இப்படியெல்லாம் செய்கிறவளுக்குத் தன் காரியம் என்று வந்தபோது என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அந்த வருஷமே கார்த்திகையில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அவள் அப்பாவே வழக்கம்போலப் பதில் சொல்லியிருக்கிறார். கடைசியில் பையன் மரியாதைக்கு, "உனக்கு ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டானாம். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, எதற்காக இன்ஜினீயரிங் எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பையன் தன் அப்பாவைப் பார்த்தானாம். "வாய் வரை வந்துடுத்துடி, மறுபடி வெளியிலேர்ந்து வாங்கோன்னு" என்று பெஞ்சில் உருண்டு சிரித்தாள். அந்தப் பையனையேதான் கல்யாணம் செய்துகொண்டாள். பெண் பார்த்த மறுநாளே அவன் தனியாக வந்து, பாலம் கட்டப் பிடிக்கும், அதை அப்பா முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது என்று சொன்னானாம். இப்போது ஜபல்பூரில் இருக்கிறார்கள். கோட்டைக் கொண்டுபோனாளா என்று தெரியவில்லை.

இன்டர்வியூ நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை அய்யா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கிங்ஸ் சர்க்கிளில் டிராம் ஏறினோம். காலேஜ் வராந்தாவில் வாதாம் மரம் இல்லை. மற்றபடி எல்லாம் அவள் நடித்துக் காட்டியபடியே இருந்தது. குமாஸ்தா தலை நிமிராமல் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பயம் பாதி போய்விட்டது.

உள்ளே இருந்தவர் வயதான பார்சி புரொபசர். ஏன் சயன்ஸ் என்று கேட்டார். நான் தொட்டியையும் சுண்ணாம்பையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பட்டை, எத்தனை நாள் என்று கேட்க ஆரம்பித்தார். அய்யாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'லெதர்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் பின்னால் நின்றிருந்தவர் ஒரு அடி முன்னால் வந்தது தெரிந்தது.

பிறகு புரொபசர் என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, ஹிந்தியில் கேட்டார். "ஷாம் கோ சே பஜே தக் ருக்னா படேகா. சலேகா?"

சாயங்காலம் ஆறு மணிவரை இருக்க வேண்டியிருக்கும், சம்மதமா என்று கேட்கிறார். அய்யா தினமும் அந்த ஹிந்தியில்தான் தோலுக்கு விலை பேசுகிறவர். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. பல நாளாகவே இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஸுனா நஹீ?" காதில் விழவில்லையா என்று அதட்டினார் பக்கத்திலிருந்த உதவியாளர்.

அய்யா என்னைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். அப்படியே ஒரு கையை எடுத்து என்னைக் காட்டினார்.

என் கழுத்து அவர் பக்கமே திரும்பியிருந்தது. செம்பூர்ப் பெண்ணின் நினைவு வந்தது. முகத்தைப் புரொபசர் பக்கம் திருப்பி, "இருப்பேன் சார்" என்றேன்.

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டிராமில் அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் சாரல் அடித்தது. மூடலாமா என்று கேட்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் கலைத்துவிடுவாரோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கிங்ஸ் சர்க்கிளில் இறங்கியதும் அவர் ஸ்டேஷன் பக்கம் திரும்பாமல் பூங்காவை நோக்கி நடந்தார்.

அக்கா மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். மறுநாள் இன்டர்வியூ இருந்த ஒரு பெண் குடையைப் பிடித்துக்கொண்டு வாதாம் மரத்தடியில் நின்றாள். எங்களைக் கண்டதும் அக்கா கோட்டைக் கழற்றத் தொடங்கினாள்.

"வாங்கோ மாமா. இப்போ பேசலாம். வாக்கு முடிஞ்சாச்சு."

அய்யா தோள் துண்டால் தலையைத் துவட்டினார்.

"என்ன கேட்டா?"

"இவளைய என்னமோ கேட்டாங்க, சொன்னா. பெறகு என்னையக் கேட்டான் அந்த ஆளு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பிள்ள நிக்கணும், விடுவியான்னு."

ஒரு கை கோட்டுக்குள்ளேயே இருக்க, அவள் அப்படியே நின்றாள்.

"நீங்க என்ன சொன்னேள்?"

"நீதான பேசப்படாதுன்னு சொன்ன?"

அவள் எங்களைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் தொங்கிய கோட்டோடு கூஜாவையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். டம்ளரைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். மழை அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. மரத்தடியில் நின்ற பெண், அக்கா தன்னைக் கூப்பிடுகிறாளோ என்று இரண்டடி எடுத்துவைத்துவிட்டு நின்றாள்.

அக்கா திரும்பி வந்து காப்பியை ஊற்றி முதலில் அய்யாவிடம் நீட்டினாள். அவர் டம்ளரைத் தூக்கிக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் வாக்கு வாங்கியிருக்க, தாயி."

"ஆமாம் மாமா."

"சரி, அது போவட்டும். அந்தக் காலேசுக்கு ரெண்டு மூணு கேட்டு இருக்கு போல. ஆறு மணிக்கு நான் எந்தக் கேட்டுல வந்து நிக்கணும்? அதைச் சொல்லு மொதல்ல."

அக்கா பெஞ்சில் இருந்த தன் குடையை எடுத்து, அதன் நுனியால் ஈர மண்ணில் ஒரு பெரிய சதுரம் போட்டாள். "இது லாப், மாமா. இங்கேர்ந்துதான் வெளியிலே வருவா" என்று ஆரம்பித்தாள். அய்யா முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார்.